முகம் பார்த்துவிட்டுப் போகிறவர்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் உடனே உட்கார மாட்டார். வாசலில் நின்றபடி, யாரைப் பார்க்க வந்தாரோ அவருடைய முகத்தைப் பார்ப்பார். கண், உதடு, கழுத்து என்று பார்வை மெதுவாக இறங்கிவரும். காசிமேட்டில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே கவனம். பார்த்து முடித்த பிறகுதான், "சரி, குந்திக்கிறேன்" என்பார்.

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறையில் இருந்தார். அறுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அறுபத்தெட்டு இருக்கலாம், எழுபதும் இருக்கலாம். அவருக்கே சரியாகத் தெரியாது. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எப்போதோ இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கிடங்குகளில் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலையை முப்பது வருஷம் செய்தவர், உடம்பு தளர்ந்த பிறகு சாக்குகளை வீட்டுக்கே வரவழைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் நடந்து போனால் சணல் வாசனை கொஞ்ச நேரம் நிற்கும்.

நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன். தெருவில் மற்றவர்கள் 'சுத்துற கெயவி' என்றார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள்.

சுற்றியது உண்மைதான். திங்கட்கிழமை கல்மண்டபம், அங்கே கணவருடைய சித்தப்பா மகள், கண்பார்வை போனவர். செவ்வாய் கொருக்குப்பேட்டை, இவருடைய சித்தி மகளைக் கட்டி, அவள் இறந்த பிறகு மகனோடு இருந்த ஒரு ரயில்வேக்காரர். புதன் எர்ணாவூர். வெள்ளிக்கிழமை காசிமேட்டில் ஒரு கிழவர். அவர் எந்த வழியில் உறவு என்று மூன்று தடவை விளக்கினார், மூன்று தடவையும் எனக்குப் புரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே நின்று, வருகிற முகங்களை எல்லாம் பார்த்துவிட்டு வருவார். எல்லாரும் வயதானவர்கள். இளையவர்கள் இருக்கும் வீடுகளுக்கு அவர் தனியாகப் போனதில்லை.

"சின்னதுங்களுக்குக் கால் கீது. வேணும்னா வரும். கெயடுங்க எங்க போவும்?" என்பார்.

போகிற இடங்களில் அவரை வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. ஒருமுறை கொருக்குப்பேட்டைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அங்கே மண்ணெண்ணெய் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதால் டப்பாவோடு கிளம்பியிருந்தேன். அந்த ரயில்வேக்காரரின் மகன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா தூங்குது. அப்பால வா."

"ஏந்துக்கட்டும். குந்துறேன்."

"வாரா வாரம் இன்னா பேஜாரு இது! எங்கப்பன இன்னா நாங்க பட்டினியா போட்டுக்கீறோம்?"

"நீ திட்டு நைனா. நல்லா திட்டு. உங்கப்பன் மூஞ்சிய ஒரு தபா காட்டிட்டு அப்பால திட்டு."

வெயில் ஏறி, தண்டவாளப் பக்கமிருந்து புழுதி வந்து மூக்கில் அடைத்தது. அவர் அசையவில்லை. நான் மண்ணெண்ணெய் வாங்கித் திரும்பி வந்தபோதும் அதே இடத்தில் இருந்தார். கடைசியில் ரயில்வேக்காரரே சட்டை இல்லாமல் வெளியே வந்து, முகத்தை அவருக்கு எதிரே நீட்டி, "பாத்துக்க. மூக்கு கீது, மீசை கீது. போதுமா?" என்றார். இவர் நிதானமாகப் பார்த்தார். "கண்ணு மஞ்சளா கீது. டாக்டராண்ட காட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்த மாதமே அந்த மனிதர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். ஆனாலும் மகன் வாசலை மறிப்பதை நிறுத்தவில்லை.

ஏன் இப்படி அலைகிறீர்கள், நாலு வரி எழுதிப் போட்டால் பதில் வராதா என்று ஒருநாள் கேட்டேன். நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் ஊசியை நிறுத்தவில்லை. யுத்த காலத்தில் அவருடைய தங்கை ரங்கூனில் இருந்தாளாம். அங்கிருந்து ஜனங்கள் காடு மலையெல்லாம் நடந்து வந்தார்கள். வந்தவர்களைத் தேடித் தேடிப்போய் விசாரித்திருக்கிறார்.

"அஞ்சி பேரு சொன்னாங்க, உன் தங்கச்சி நல்லா கீறா, பின்னால வந்துகினு கீறான்னு. மாதாவுக்கு மெயுகுவத்தி ஏத்துனேன். ஒரு வருசம் கயிச்சித்தான் தெரிஞ்சிது, அவ கெளம்பறதுக்கு முன்னாலயே செத்துட்டான்னு. அந்த அஞ்சி பேருல ஒருத்தனும் பாக்கல. ஒருத்தன் சொன்னத இன்னொருத்தன் சொல்லிக்கீறான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த சாக்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

எர்ணாவூரில் இருந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட நாத்தனார். இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர். சொந்தப் பிள்ளை கிடையாது. மூத்தாள் விட்டுப்போன மகனை மூன்று வயதிலிருந்து வளர்த்தவர், அந்த மகனோடுதான் இருந்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட குள்ளமான அம்மாள். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த மகன்தான் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் சார்ஜ்மேன், ஆட்களை மேற்பார்வை பார்க்கிறவர். என் கணவர் அங்கே மூன்று வருஷமாக டெம்பரவரி. யாரை நிரந்தரமாக்குவது என்பதற்கு முதல் கையெழுத்து சார்ஜ்மேனுடையது. என் கணவருக்கு அந்த வேலைக்குச் சிபாரிசு கிடைத்ததே பெரியம்மா மூலமாகத்தான். அதனால் எர்ணாவூர் வீட்டில் நடந்ததெல்லாம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை அவர் சீக்கிரமே திரும்பி வந்தார். நாத்தனார் வேளாங்கண்ணிக்குப் போயிருப்பதாக மகன் சொன்னானாம். அடுத்த புதன் போனார். வந்துவிட்டாள், உடம்பு அசதி, தூங்குகிறாள் என்றார்களாம். மதியம் வரை உட்கார்ந்திருந்தும் கதவு திறக்கவில்லை. மூன்றாவது புதன் வந்தபோது அறைக்குள் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

"நாகப்பட்டணத்துல அவ அண்ணன் வூட்டுக்கு அனுப்பப் போறானாம். ஞாயித்துக்கெயம ரயிலாம். ஒரு தபா பாத்துட்டுப் போறேன்னேன். இப்ப வூட்ல இல்ல, கடைக்குப் போய்க்கீதுன்றான்."

"போயிருப்பாங்களா இருக்கும், பெரியம்மா."

"கண்ணாடி ஜன்னல்ல கீது."

எனக்கு விளங்கவில்லை.

"அவ கண்ணாடிமா. ஜன்னல் கட்டையில வெச்சிக்கீறாங்க. அது இல்லாம அவ கடைக்கு எப்டிப் போவா?"

அன்று சாயங்காலம் என் கணவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். சார்ஜ்மேன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உன் வீட்டுப் பின்பக்கம் இருக்கிற கிழவியை அடக்கி வை, என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு அக்கம்பக்கத்தில் என்னைக் கேவலப்படுத்துகிறது என்று சொல்லியிருக்கிறார். மாதக் கடைசியில் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் மேலே போகிறது என்றும் அதே மூச்சில் சொல்லியிருக்கிறார்.

"நான் என்ன சொல்லி அடக்க முடியும்?" என்றேன்.

"ஏதாவது சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏதோ சண்டை போல இருக்கு. அவங்க வீட்டுச் சண்டை நமக்கு எதுக்கு?"

எனக்கும் அது வீட்டுச் சண்டை என்றே பட்டது. அப்படிப் படவேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பியை ஊருக்கு அனுப்ப எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். திரும்பி வந்ததும் பெரியம்மாவின் அறை வாசலில் நின்று சொன்னேன்: "ஒங்க நாத்தனாரை ஸ்டேஷன்ல பார்த்தேன் பெரியம்மா. ரயில்ல உக்காந்திருந்தாங்க."

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார்.

"நீ பாத்தியா?"

"பார்த்தேன்."

"உன் கண்ணால?"

"ஆமா. ஜன்னலோரம் இருந்தாங்க. கையாட்டினாங்க."

"கண்ணாடி போட்டுகினு இருந்தாளா?"

"போட்டிருந்தாங்க."

என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கீழே நிற்க முடியாமல் நான் இன்னும் ஒன்று சேர்த்துச் சொன்னேன். யாரும் அதைச் சொல்லச் சொல்லவில்லை. "முன்னைக்கு இப்ப கொஞ்சம் மெலிஞ்சிருந்தாங்க."

அவர் தோள்கள் இறங்கின. "மெலிஞ்சிதான் இருப்பா. சோறு துன்ன மாட்டா கயுத" என்றார். பிறகு சிரித்தார். அன்று கோலா மீன் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் எங்களுக்குக் கொடுத்தார். என் கணவர் சாப்பிட்டார். என் பங்கையும் அவருக்கே ஊற்றினேன்.

அடுத்த புதன்கிழமை அவர் எர்ணாவூருக்குப் போகவில்லை. காலையிலிருந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். நான் குழாயடிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த அறைப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்ததும் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க என் கணவர் சார்ஜ்மேன் வீட்டுக்குப் போனார். வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அந்த ஆள் காகிதத்தோடு உள்ளே போயிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் விறகு போடுகிற தகரக் கொட்டகை. அங்கிருந்து யாரோ, "யாரு? யாரு அது?" என்று கேட்டிருக்கிறார்கள். வார்த்தை குழறியிருக்கிறது. ஆனால் பெண் குரல், வயதான குரல்.

இதைச் சொல்லும்போது அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "காத்துச் சத்தமா இருக்கும்னு நெனச்சேன். திரும்பவும் கேட்டுச்சு. நான் கையெழுத்தை வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும்போது அவர் பின்னால் வந்து நின்றார். "கேட்டதை நான் உன்கிட்ட சொல்லிட்டேன். இனிமே எது நடந்தாலும் நடக்கட்டும்" என்றார். அதுவே அவரால் முடிந்த தைரியம். அதைச் சொல்ல அவர் எதைப் பணயம் வைத்தார் என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் பெரியம்மா குடத்தோடு வெளியே வந்தார். நான் அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"பெரியம்மா, நான் பார்க்கலை."

"இன்னாத்த?"

"ரயில்ல ஒங்க நாத்தனாரை நான் பார்க்கலை. பொய் சொன்னேன்." கணவர் கேட்ட குரலைப் பற்றியும் சொன்னேன். எங்கே சொல்லத் தொடங்கி எங்கே முடித்தேன் என்று நினைவில்லை.

குடத்தைக் கீழே வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அறைக்குள் போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். "வா" என்றார். அவ்வளவுதான்.

திருவொற்றியூர் வரை பஸ்ஸில் போனோம். எர்ணாவூர் ரயில்வே கேட்டைச் சரக்கு ரயிலுக்காக மூடியிருந்தார்கள். வண்டி மெதுவாக நகர்ந்தது. பெட்டிகள் முடிவதாகவே இல்லை. அவர் ஒவ்வொரு பெட்டியையும் முறைத்துக்கொண்டு நின்றார். கேட் திறந்ததும் அந்த வயதில் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

சார்ஜ்மேன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அவரு இல்ல அத்தே. அவரு வந்த அப்பால வாங்க."

"நான் அவனப் பாக்க வரல."

"அத்த ஊருக்குப் போய்ட்டாங்க. அவரு சொல்லலயா?"

பெரியம்மா அவளைத் தள்ளவில்லை, வாதாடவும் இல்லை. முற்றத்தின் நடுவில் போய் நின்று, தலையை உயர்த்தி உரக்கக் கூப்பிட்டார்.

"நாத்தனா! நான் வந்துக்கீறேன்!"

எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். பதில் இல்லை.

"ஏ நாத்தனா!"

தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து இயந்திரச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் உதட்டை நனைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, யாரும் இல்ல அத்தே" என்றாள்.

அப்போது பின்பக்கம் தகரத்தில் ஏதோ மோதுகிற ஓசை கேட்டது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. டம்ளரால் யாரோ சுவரைத் தட்டுகிறார்கள்.

கொட்டகைக் கதவில் பூட்டு இல்லை, வெளியே சங்கிலி மட்டும் மாட்டியிருந்தது. நான்தான் எடுத்தேன். உள்ளே விறகுக் குவியலை ஒதுக்கிவிட்டுப் பாய் போட்டிருந்தது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு தட்டில் கஞ்சி இருந்தது. பட்டினி போடவில்லை, அது உண்மை. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துபோய், வாய் கோணி, அந்தக் குள்ளமான அம்மாள் இன்னும் குள்ளமாகிக் கிடந்தார். வெளிச்சம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு? யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு எங்களைத் தெரியவில்லை.

பெரியம்மா பக்கத்தில் குந்தினார். வழக்கம்போல கண், உதடு, கழுத்து என்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"கண்ணாடி குடு."

மருமகள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். பெரியம்மா அதைத் தன் முந்தானையில் துடைத்து, நாத்தனாரின் இரண்டு காதுகளிலும் பொறுமையாக மாட்டினார்.

"இப்பப் பாரு. நாந்தான்."

அந்த அம்மாள் பார்த்தார். கோணிய வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நல்லபடியாக இருக்கிற பாதி முகம் மட்டும் அழுதது.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அரைமணியில் சார்ஜ்மேன் சைக்கிளில் வந்து இறங்கினார். முற்றத்தில் அதற்குள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "உன் புருசனுக்கு வேலை வேணாமா?" என்று கத்தினார். பெரியம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அவகிட்ட இன்னா பேச்சு? என்னாண்ட பேசு."

"இது எங்க குடும்ப விசயம் அத்தே."

"நான் யாரு?"

தெருவில் வந்த மீன்காரி, அண்டை வீட்டுப் பெண்கள் எல்லாரும் சார்ஜ்மேன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஜானுபாகுவான மனிதர், மூங்கில் ஒடிவது போலப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"வேளாங்கண்ணிக்குப் போய்க்கீதுன்னு மொதல்ல ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் அத்தே. கீய வியுந்துடுச்சி. இவளுக்குக் கைக்கொயந்த, அள்ளிக் கொட்ட முடில. ரெண்டு நாள் கொட்டாயில வெக்கலாம், சரியாப்பூடும்னு பாத்தேன். சரியாவல. அதுக்குள்ள எல்லார்கிட்டயும் ஊருக்குப் போய்ட்டாங்கன்னு சொல்லிட்டேன். அப்பால எப்டி மாத்திச் சொல்றது?"

எல்லாரும் அவரைத் திட்டினார்கள். என் வாய் மட்டும் திறக்கவில்லை. நான் சொன்ன ரயிலும் அவர் சொன்ன ரயில்தான்.

ரிக்‌ஷாவில் பெரியம்மா நாத்தனாரைத் தன் மடியில் சாய்த்து வைத்துக்கொள்ள, நான் பின்னால் நடக்க, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படுத்தே கிடந்ததில் வந்த முதுகுப் புண் ஆற நாற்பது நாள் ஆயிற்று. அங்கிருந்து எர்ணாவூருக்கு அனுப்பவில்லை. பெரியம்மா தன் ஒற்றை அறைக்கே கொண்டுவந்துவிட்டார். சாக்கு மூட்டைகளை எங்கள் தாழ்வாரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம், வராந்தாவில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது, அவர் என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார். கோபமில்லாத குரலில், தனக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பார்ப்பது மாதிரி சொன்னார்.

"கண்ணாடி போட்டுகினு இருந்தான்னு சொன்னப்பக்கூட எனக்குச் சந்தேகம் இருந்திச்சி. நீ மெலிஞ்சி இருந்தான்னு சொன்ன பாரு. பாக்காதவங்களுக்கு அது எப்டித் தெரியும்னுதான் நம்பிட்டேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உள்ளே இறங்கித் தங்கியதில்லை.

பெரியம்மாவால் இனிச் சுற்ற முடியவில்லை. நாத்தனாரைத் திருப்பிப் போட வேண்டும், ஊட்ட வேண்டும். ஆகவே ஆள் மேல் ஆள் சொல்லியனுப்பினார்: 'நான் வர முடில. நீங்க வந்து மூஞ்சி காட்டிட்டுப் போங்க.' நான் சிரித்தேன், யார் வருவார்கள் என்று. முதலில் வந்தவர் கொருக்குப்பேட்டை ரயில்வேக்காரர். மகனே அவரைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். உட்கார இடமிருக்காது என்று வீட்டிலிருந்தே ஒரு முக்காலியைக் கொண்டுவந்திருந்தார். கல்மண்டபத்துக் கண் தெரியாத அம்மாள் ஒருநாள் வந்து, நாத்தனாரின் முகத்தை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மாள் இறந்தார். தூக்கத்தில், சுத்தமான படுக்கையில். கல்லறையில் சார்ஜ்மேன் கடைசி வரிசையில் நின்றார். பெரியம்மா அவரைக் கூப்பிட்டு, மண் போடச் சொன்னார்.

என் கணவர் பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை. அடுத்த பட்டியலிலும் வரவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்து, நாங்கள் அங்கே குடிபோனோம். கிளம்பும்போது பெரியம்மா தைத்துக்கொண்டிருந்தார். போய்ட்டு வா என்றார். எழுந்து வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் அழுதேன். என் கணவர் காரணம் கேட்கவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, சமையல் ஆகிக்கொண்டிருக்கும்போது சணல் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் நிற்கிறார். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். நான் பேசப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். நானும் அசையாமல் நின்று காட்டினேன்.

"எத்தினி மாசம்?" என்றார்.

"மூணு." நான் அதை இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"சரி, குந்திக்கிறேன்."

காபி குடித்துக்கொண்டே ஒவ்வொருவராகச் சொன்னார். காசிமேட்டுக் கிழவர் போய்விட்டார். ரயில்வேக்காரர் இருக்கிறார். புதன்கிழமை எர்ணாவூர் போகிறேன் என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்கேயா? அவன் வீட்டுக்கா? இன்னும் அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டியிருக்கா ஒங்களுக்கு?"

"அவன் மூஞ்சி எனக்கு இன்னாத்துக்கு? அவன் மாமியாள இட்டாந்து வெச்சிக்கீறான். ரெண்டு முட்டியும் போச்சி, ஏந்துக்க முடில பாவம். புதன்கெயம நான் வருவேன்னு தெரியும். காலங்காத்தாலயே குளிப்பாட்டி, தலை வாரி, வாசல்ல நாற்காலி போட்டுக் குந்த வெச்சிடறாங்க."

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். எனக்கு மனம் ஆறவில்லை.

"அந்த அம்மா ஒங்களுக்கு என்ன முறை பெரியம்மா? எதுக்கு இந்த அலைச்சல்?"

அவர் நின்றுவிட்டார். நான் கேட்டதற்குப் பதில் வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய விரல்களை மடக்கி எண்ணினார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினான்.

"நாத்தனா புள்ளைக்கு மாமியா. அப்ப, நாத்தனாக்குச் சம்பந்தி. நாத்தனா இல்ல. அவ பாக்க வேண்டியதையும் நாந்தான பாக்கணும்?"

கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறிக்கொண்டார்.